மனப்பாடம் செய்த ஜாஸ்

1

"எங்களோடு ஓராண்டை நிறைவு செய்ததற்கு வாழ்த்துகள்!" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இணையத்தில் ஜாஸ் கிதார் கற்றுத்தரும் இடத்திலிருந்து. மேலே பலூன்கள். கீழே பொடி எழுத்தில், நான் இன்னும் நான்காம் பாடத்தில்தான் இருக்கிறேன் என்ற நினைவூட்டல். மொத்தம் அறுபது பாடங்கள். இந்த வேகத்தில் போனால் நான் முடிக்கும்போது என் ஆறு வயது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த நேரத்தில் நான் தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில், மாமியார் வீட்டில், கோடை விடுமுறைக்கு வந்திருந்தேன். அத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

"என்னத்தா, பாஸா பெயிலா?"

"ரெண்டும் இல்ல அத்தை. வாழ்த்து."

"பாஸாகாம எதுக்கு வாழ்த்து?"

நானும் அதே கேள்வியைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நெதர்லாந்துக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. கணவர் சகாயத்துக்கு அங்கே மென்பொருள் வேலை. எனக்கு வீடும், மகள் நிவேதாவும், அவளைப் பற்றிய கவலையும். போன வருடக் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்று மருத்துவரிடம் போனேன். வைட்டமின் மாத்திரையும் ஒரு பொழுதுபோக்கும் எழுதிக்கொடுத்தார். இரண்டையும் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். கல்யாணத்துக்கு முன் மாதா கோயில் பாடகர் குழுவில் நான் கிதார் வாசித்தது சகாயத்துக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. யாரோ விற்ற பழைய கிதார் ஒன்றை வாங்கி வந்தார். ஏன் ஜாஸ் என்று கேட்பவர்களுக்கு: தேடியபோது முதலில் வந்ததும் அதுதான், முதல் மூன்று பாடங்களை இலவசமாகத் தந்ததும் அதுதான்.

வீட்டுக்குள் வாசிக்கலாமா என்று குடியிருப்புச் சங்கத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்டேன். அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தது. அனுமதி தேவையில்லை என்பதை முத்திரையுடன் தர முடியுமா என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அது ஒரு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அத்தையிடம் வீடியோ அழைப்பில் ஜாஸ் என்றால் என்னவென்று விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"பாட்டு ஒண்ணு இருக்கும் அத்தை. அதை ஒரு தடவை வாசிப்பாக. அப்புறம் நடுவுல எழுதி வைக்காம, அந்த நேரத்துக்கு மனசுல என்ன வருதோ அத வாசிக்கணும். கடைசியில மறுபடியும் பாட்டுக்கு வந்துரணும்."

அத்தை முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார்கள்.

"எழுதினத வாசிக்கத் தெரியாதவுகதான மனசுல வர்றத வாசிப்பாக?"

"இல்ல அத்தை, அதுதான் ரொம்பக் கஷ்டம்."

"பிள்ளைக்குச் சளி இருக்குன்னியே, அது கஷ்டமில்லயா?"

2

என் ஊர் ராயப்பன்பட்டி. எங்கள் கோயில் பாடகர் குழுவில் சிஸ்டர் ஒருவர் எனக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தார். மூன்று கார்டு, அதாவது கம்பிகளை அழுத்திச் சேர்த்து அடிக்கும் மூன்று சுரக்கூட்டு. பாட்டுப் புத்தகத்தில் எந்த எழுத்துக்கு மேல் எந்தக் கார்டு என்று பென்சிலால் குறித்திருக்கும். அந்த எழுத்து வரும் வரை காத்திருந்து, வந்ததும் அடிக்க வேண்டும். ஒரு முறை, பாட்டின் முடிவில் அழகாக இருக்குமே என்று ஒரு கம்பியைக் கூடுதலாகச் சுண்டிவிட்டேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு என் கூடுதல் கம்பி முடிந்தது.

நான் அந்த ஊர்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பெயர் எடுத்தவள். அதிலும் 'உடனடிப் பேச்சு' என்று ஒன்று உண்டு. சீட்டு எடுக்க வேண்டும், அதில் இருக்கும் தலைப்பில் அந்த நிமிடமே பேச வேண்டும். அதற்கு நாங்கள் இரண்டு வாரம் பயிற்சி எடுப்போம். என் தமிழ் ஆசிரியை எனக்கு முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார். கையை எங்கே தூக்க வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. எந்தத் தலைப்பு வந்தாலும் மூன்றாவது வரியில் அணைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் பயிற்சி. 'தாய்மை' என்று வந்தது: "தாய் பால் கொடுப்பாள், நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் கொடுத்த தாய் எது?" 'நேரம் தவறாமை' என்று வந்தது: "நேரத்தில் மதகு திறக்காவிட்டால் என்ன ஆகும்?" 'செல்போனின் தீமைகள்' வந்த வருடம் கொஞ்சம் திணறினேன். ஆனாலும் மூன்றாவது வரியில் தண்ணீர் வந்துவிட்டது. நடுவராக வந்தவர்களும் இதே பள்ளத்தாக்குக்காரர்கள்தானே, அணை என்றால் கை தட்டாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு வருடமும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

நெதர்லாந்தில் குடியேறுபவர்களுக்கு மொழித் தேர்வு ஒன்று உண்டு. கணினித் திரையில் ஒருவர் தோன்றி, "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். நாம் மைக்கில் பேச வேண்டும். "என் அக்காவோடு சைக்கிள் ஓட்டப் பிடிக்கும்" என்றேன். எனக்கு அக்கா கிடையாது. அப்போது சைக்கிளும் வராது. பதில் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. பாஸ்.

ஆக, மனப்பாடம் என்னை எங்கேயும் கைவிட்டதில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

3

காணொளி வாத்தியார் ஓர் அமெரிக்கர். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். பின்னால் பாத்திரம் கழுவாமல் கிடக்கும். முதல் இரண்டு பாடம் அதை ஊன்றிப் பார்த்ததில் அவர் சொன்னது ஒன்றும் எனக்கு ஏறவில்லை.

நான்காம் பாடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. "இதோ மூன்று சுரங்கள். இந்த மூன்றை மட்டும் வைத்து, மனதில் தோன்றுவதை வாசியுங்கள். காணொளியை நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள்" என்றார்.

நிறுத்தினேன். அவர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். நானும் உறைந்து நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், அடுப்பில் பருப்பு இருக்கிறது என்பதுதான்.

மறுபடி ஓட விட்டேன். "உதாரணத்துக்கு நான் வாசிக்கிறேன்" என்று அவரே கொஞ்சம் வாசித்தார். அப்பாடா என்றிருந்தது. விடை இருக்கிறதே! அதைத் துளித்துளியாக நிறுத்தி நிறுத்தி எழுதி எடுத்தேன். ஆறு வாரம் சாதகம் செய்தேன். அடுத்த உதாரணம், அதற்கு அடுத்த உதாரணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய துண்டாக்கினேன். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் இரண்டு வரி வாசித்துவிட்டு என் துண்டுக்கு வந்துவிட எனக்குத் தெரியும்.

மாணவர்கள் தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பினால் வாத்தியார் கருத்துச் சொல்வார். தலையைப் பின்னி, நல்ல சுடிதார் போட்டு, பதிவு செய்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "அமலா, நான் வாசித்ததை அப்படியே வாசித்திருக்கிறீர்கள். பதினோராவது நொடியில் என் விரல் வழுக்கித் தவறான கம்பியில் பட்டது. அதைக்கூட விடவில்லை. வியப்பாக இருக்கிறது. இனி உங்களுடையதை வாசியுங்கள்."

சகாயத்திடம் காட்டினேன். "வியப்பாக இருக்குன்னு போட்டிருக்காரு, பாருங்க."

"அமலா, அவரு பாராட்டல."

"அப்ப அந்தக் கடைசி வரி? என்னோடதுன்னா எது? எந்தப் பாடத்துல வருது?"

சகாயம் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அன்பும் நிறையக் களைப்பும் இருந்தன. "நிவி தூங்கிட்டாளான்னு பாரு" என்று மட்டும் சொன்னார்.

4

நிவேதாவின் பள்ளியில் திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு எப்படித் தயாராவது என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் கூடுதலாகத் தயாரானேன்.

என் முறை இது: சனிக்கிழமையே வாக்கியங்களை எழுதிவிடுவேன். 'நேற்று நாங்கள் காட்டுக்குப் போனோம். நான் ஒரு மான் பார்த்தேன். அது அழகாக இருந்தது.' டச்சு மொழியில், பிழை பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாவிடமும் ஒரு முறை காட்டிவிடுவேன். மாலைக்குள் நிவேதா ஒப்பித்துவிடுவாள். பிள்ளை பொய் சொல்லக் கூடாதே, அதனால் ஞாயிற்றுக்கிழமை மழையோ காற்றோ, மூவரும் காட்டுக்குப் போய் மானைத் தேடுவோம். ஒரு முறை மான் வரவே இல்லை. நான்கு மணி வரை நனைந்துகொண்டு நின்றோம். சகாயம், "மாடுன்னு மாத்திரலாமே, மாடு அங்கன நிக்கிது" என்றார். "ஒப்பிச்சிட்டா" என்றேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. எழுதியிருந்தது மிருகக்காட்சிசாலை. கிளம்பும் நேரத்தில் மேல்வீட்டுக் குழாய் உடைந்து எங்கள் கூடத்தின் கூரையிலிருந்து, விளக்கு மாட்டியிருந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் கொட்டியது. சகாயம் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்றார். நிவேதா குடை பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்படி அவள் அந்த வருடம் சிரித்ததில்லை. மாலை வரை வீட்டைத் துடைத்தோம். அந்த அலைச்சலில் புது வாக்கியம் எழுத எனக்கு மறந்துபோயிற்று.

மறுநாள் வட்டத்தில் அவள் பேசவில்லை. கூரை வேலை முடியாமல் அடுத்த வாரங்களிலும் நான் எழுதவில்லை; அவள் அதற்கு அடுத்த திங்களும் பேசவில்லை. அதன் பிறகு வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அவள் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். உயரமான பெண். குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துகொண்டு, அந்த நாட்டுக்காரர்கள் வழக்கப்படி சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நிவேதா பேசுவதே இல்லை. விடுமுறை முடிந்து வந்து இரண்டு வாரம் பார்ப்போம். பேசினால் மேல் வகுப்பு. இல்லையென்றால் இன்னொரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருக்கட்டும்."

"என்ன தலைப்பு கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"தலைப்பா? ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்றுதான் கேட்கிறோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தனியாக அழைத்து ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். 'அம்மா இன்னும் எழுதவில்லை' என்றாள்."

சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் எதிர்க்காற்று. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்றைக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் 'இனி நிவிக்கு எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது' என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து எழுதவில்லை. அவளும் பேசவில்லை. படித்து வைத்ததும் இல்லை, பேசத் தைரியமும் இல்லை என்றால் பிள்ளை என்ன செய்யும்? இப்படி ஒரு மௌனத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தேனிக்கு வந்து சேர்ந்தோம்.

5

தேனியில் பேசாத பிள்ளையை யாரும் சும்மா விட மாட்டார்கள். வந்தவர்களெல்லாம் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

"என்னத்தா, பேச மாட்டியா? தமிழ் வராதா?"

"எங்க, ஒரு பாட்டுப் பாடு, பாப்போம்."

"வெள்ளைக்கார பாசையாச்சும் பேசிக் காட்டேன்."

நான் என்ன செய்தேன்? காதுக்குள், "'நல்லாருக்கேன் சித்தப்பா'ன்னு சொல்லு" என்று முணுமுணுத்தேன். அடுத்தவர் வந்ததும், "'அடுத்த வருசம் வாரோம்'னு சொல்லு." எழுதக் கூடாது என்றுதானே ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன், சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று ஒட்டவில்லையே. சகாயம் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், "சினிமாவுக்குக் கீழ எழுத்து ஓடுற மாதிரி நீ பிள்ளைக்குக் கீழ ஓடிக்கிட்டிருக்க" என்றார்.

இதற்கு நடுவில்தான் என் நாத்தனார் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் கோயிலில் பூசை, மதியம் பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் பிரியாணி. மேடையில் பாடகர் குழு, கீபோர்டு, மைக் செட். ஒரு வருடமாக என் கிதாரைக் கேலி செய்த அத்தை, மண்டபத்தில் நுழைந்ததும் எல்லோரிடமும், "எங்க மருமக ஃபாரின்ல கிதார் படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நான்காம் பாடம் என்று சொல்லவில்லை.

"அத்தை, வேணாம்."

"என்ன வேணாம்? வாசின்னா வாசி. கடமலைக்குண்டுல இருந்து என் தம்பி குடும்பமே வந்திருக்கு."

எல்லோருக்கும் தெரிந்த மாதா பாட்டு. இரண்டு வரி வாசிப்பது, நடுவில் என் துண்டு, பிறகு மறுபடி பாட்டு. ஆறு வாரம் சாதகம் செய்த துண்டு, பயமில்லை. பாடகர் குழுவின் கிதாரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது கீபோர்டுக்காரர் பாடுகிறவர்களின் தொண்டைக்கு வசதியாக இருக்கட்டுமென்று ஒரு பொத்தானை அழுத்தி, சுருதியை மூன்று கட்டம் ஏற்றிவிட்டார். நம் கோயில்களில் இது தினமும் நடப்பதுதான். என் விரல்கள் படித்து வைத்திருந்ததோ பழைய சுருதியில். பாட்டின் இரண்டு வரியைத் தேடித் தேடி எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். துண்டையும் அப்படியே மூன்று கட்டம் தள்ளி வாசித்திருக்கலாம் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. மேடையில் தெரியவில்லை.

துண்டு வர வேண்டிய இடம் வந்தது. முதல் சுரத்தைத் தொட்டேன். அபசுரம். விட்டேன். கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மண்டபமே என்னைப் பார்த்தது. ஏதோ ஒரு கம்பியைச் சுண்டினேன். அது பரவாயில்லாமல் இருந்தது. பயத்தில் அதையே மறுபடி சுண்டினேன். மறுபடியும். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்தது தப்பு. அதிலிருந்து மேலே ஓடி வந்தேன். நல்ல வாசிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டு ஒருவர் வெளியே போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் எப்படியோ பாட்டு வந்துவிட்டது. நானும் அதில் ஏறிக்கொண்டேன்.

கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஃபாரின் மியூசிக்குன்னா இப்படித்தான், நமக்குப் புரியாது" என்றார். அத்தை மட்டும், "நடுவுல கரண்டு போன மாதிரி இருந்துச்சே?" என்றார்கள்.

"அது ஜாஸ் அத்தை."

மேடையை விட்டு இறங்கினால் நிவேதா நின்றுகொண்டிருந்தாள். மாதக்கணக்காக என் துண்டைத் தினமும் கேட்டவள்.

"அம்மா, அது இல்லையே. நீ வீட்டுல வாசிக்கிறது அது இல்லையே."

"ஆமா."

"இத யாரு எழுதினா?"

"யாரும் எழுதல."

"அப்பத் தப்பா?"

"கொஞ்சம் தப்புதான்."

அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். "யாரும் திட்டல" என்றாள்.

பிறகு என் பக்கத்தில் இருந்து நகர்ந்து படியேறிப் போய், என் கிதாருக்காகத் தாழ்த்தி வைத்திருந்த மைக்குக்கு முன்னால் நின்றாள். "ஹலோ" என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக வந்ததில் ஒரு நொடி பயந்து, பிறகு சிரித்தாள். "நான் நிவேதா. பிரியாணி ரொம்பக் காரம்."

மண்டபம் சிரித்தது. நான் மைக் செட் பெட்டிக்கு அருகில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்பா ப்ளேன்ல பயந்துட்டாரு. கண்ண மூடிக்கிட்டு, மாதாவே மாதாவேன்னு சொன்னாரு."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சகாயம் இலையில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பேசுகிறாள். தமிழில், ஊருக்கு முன்னால், பேசுகிறாள்!

"அப்பத்தா எங்களுக்குக் கறிவடகம் செஞ்சு குடுத்து விட்டாக."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுற்றியிருப்பவர்களைப் பெருமையாகப் பார்த்தார்கள். எனக்கு அடுத்து வரப்போவது என்னவென்று தெரிந்துவிட்டது. அந்த வடகம் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்து காறிப்போய், நான் அதைக் கால்வாய்ப் பக்கம் கொண்டுபோன நாளில் இவள் என் கூடத்தான் இருந்தாள்.

"அம்மா அத என்ன செஞ்சுச்சு தெரியுமா?"

மைக் செட்காரர் எத்தனையோ விசேஷம் பார்த்தவர். என் முகத்தைப் பார்த்ததும் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, ஆஃப் பண்ணிரவா?"

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'அம்மா அதில் வத்தக்குழம்பு வைத்தாள், ரொம்ப ருசியாக இருந்தது.' நல்ல வாக்கியம். பிழையில்லை. படியேறிப் போய்க் காதில் சொன்னால் போதும், அவள் சொல்லிவிடுவாள். நான் சொன்னதை அவள் சொல்லாமல் விட்டதே இல்லை.

"வேணாம்ணே, இருக்கட்டும்" என்றேன்.

"வாத்துக்குப் போட்டுச்சு" என்றாள் நிவேதா. "வாத்து திங்கவே இல்ல."

அத்தையின் கடமலைக்குண்டு தம்பிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். அதன் பிறகு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே அத்தை மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏத்தா, அமலா..."

"ஆமா அத்தை" என்றேன்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றாள் மேடையிலிருந்து நிவேதா, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.